முக்கால் டாலர் துண்டு விழுந்தது. உளவுக் கூட்டம் சிக்கியது!

கடைக் கணக்கில் முக்கால் ரூபாய் குறைந்தால் என்ன செய்வோம்? "போனால் போகட்டும்" என்று கையை உதறிவிட்டுக் கடையைச் சாத்துவோம்.

அமெரிக்காவில் ஒருவர் அப்படி விடவில்லை. முக்கால் டாலர் எங்கே போயிற்று என்று தேடினார். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் தேடினார். அந்தத் தேடல் அவரைக் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நகரத்துக்கு இழுத்துச் சென்றது. அங்கே இருந்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, கிடைத்ததை எல்லாம் ரஷியாவுக்கு விற்ற உளவாளிகள்!

கம்ப்யூட்டருக்குள் கள்ளத்தனமாகப் புகுகிறவர்களை 'ஹேக்கர்' என்று சொல்லுகிறார்கள். இவர்கள் எதற்காகப் புகுகிறார்கள்? விளையாட்டுக்கா? பணத்துக்கா? நாட்டுக்காகவா?

விடை தெரிய வேண்டுமானால் இந்த முக்கால் டாலர் கதையைக் கேளுங்கள். இது கட்டுக்கதை அல்ல. உண்மையில் நடந்த கதை!

9 விநாடி

அது 1986-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். கலிபோர்னியா மாகாணத்தில் பெர்க்லி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 'லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம்' என்று பெயர்.

கிளிபர்ட் ஸ்டால் என்பவர் அங்கே வேலை பார்த்தார். அவர் படித்தது வானசாஸ்திரம். நட்சத்திரங்களைப் பார்க்கும் டெலஸ்கோப் வேலையில் இருந்தார். அந்த வேலைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. ஆகவே அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்போது ஆராய்ச்சிக்கூடங்களில் ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் பயன்படுத்துவார்கள். வாடகைக் காரைப் போல, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. பெர்க்லியில் ஒரு மணி நேரத்துக்கு 300 டாலர்!

ஸ்டாலுக்கு முதல் வேலையாக ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. 100 சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர். அதாவது, முக்கால் டாலர் துண்டு விழுந்தது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

ஸ்டால் வரிவரியாகக் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகவே இருந்தது! 'ஹன்டர்' என்ற பெயரில் யாரோ ஒரு ஆள் கம்ப்யூட்டரை 9 விநாடி பயன்படுத்தியிருந்தார். அதற்கு உரிய கட்டணம் 75 சென்ட். ஆனால் அதைக் கட்ட ஆள் இல்லை. ஹன்டர் என்று யாரும் அங்கே வேலை பார்க்கவும் இல்லை!

'ஹன்டர்' என்றால் வேட்டைக்காரன் என்று பொருள். வேட்டைக்காரன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று ஸ்டாலுக்குப் புரிந்தது.

காக்கைக் கூட்டில் குயில் முட்டை

அவன் எப்படிப் புகுந்தான்?

நம் ஊர்க் குயிலின் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். குயில் கூடு கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். காக்கை தன் முட்டை என்று நம்பி அடைகாக்கும்.

அதே தந்திரத்தைத்தான் இந்தத் திருடனும் செய்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் தபால்களை இடம் மாற்றி வைக்கும் சிறு புரோகிராம் ஒன்று இருந்தது. அதில் ஓர் ஓட்டை. எதை எங்கே வைக்கச் சொன்னாலும், கேள்வி கேட்காமல் வைத்துவிடும். கம்ப்யூட்டர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே இயக்கும் வேறொரு புரோகிராமும் இருந்தது. திருடன் அதை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தன் புரோகிராமை வைத்தான்.

கம்ப்யூட்டர் அதைத் தன்னுடையது என்று நம்பி இயக்கியது. 5 நிமிடத்தில் முட்டை பொரிந்தது! வீட்டுச் சாவிக் கொத்து முழுவதும் திருடன் கைக்கு வந்துவிட்டது. காரியம் முடிந்ததும், பழைய புரோகிராமை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். தடயம் இல்லை!

மேஜைக்கு அடியில் தூக்கம்

திருடனை உடனே விரட்டியிருக்கலாம். ஸ்டால் விரட்டவில்லை. அவன் யார், என்ன தேடுகிறான் என்று பார்க்க விரும்பினார். மேலதிகாரி 3 வாரம் அவகாசம் கொடுத்தார்.

வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு வரும் டெலிபோன் கம்பிகள் சுமார் 50. திருடன் எந்தக் கம்பியில் வருவான்? யாருக்குத் தெரியும்!

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்டால் ஒரு காரியம் செய்தார். சகாக்களின் மேஜைகளில் இருந்த அச்சடிக்கும் இயந்திரங்களை எல்லாம் தூக்கி வந்தார். கம்பிக்கு ஒன்றாக மாட்டினார். திருடன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் பதிந்துவிடும் அல்லவா? மாட்டிவிட்டு மேஜைக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினார்!

பலன் கிடைத்தது. ஓர் இயந்திரம் கடகடவென்று அச்சடித்துத் தள்ளியது. திருடன் செய்தது அத்தனையும் நீளமான காகிதச் சுருளில் வரிசையாக இருந்தது.

அதைப் படித்த ஸ்டால் திடுக்கிட்டார். திருடன் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் தேடவில்லை. அது அவனுக்கு வெறும் திண்ணை! அங்கே உட்கார்ந்துகொண்டு, மற்ற ஊர்களில் உள்ள ராணுவக் கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். "அணு", "ஏவுகணை" போன்ற சொற்களைப் போட்டுத் தேடினான்.

கடைசியில் கணக்குப் பார்த்தபோது அவன் தட்டிய கதவுகள் சுமார் 450. திறந்த கதவுகள் 30-க்கு மேல்!

இத்தனை கதவுகள் எப்படித் திறந்தன? பெரிய மந்திரம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர்கள் கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ரகசியச் சொல் போட்டு அனுப்புவார்கள். வாங்கியவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பல இடங்களில் மாற்றவே இல்லை. அதாவது, கடையில் வாங்கிய பூட்டைச் சாவியோடு கதவில் தொங்கவிட்டிருந்தார்கள்!

"நஷ்டம் எவ்வளவு?"

ஸ்டால் அமெரிக்கத் துப்பறியும் இலாகாவிடம் போனார். நஷ்டம் எவ்வளவு என்று விசாரித்தார்கள். 75 சென்ட் என்று சொன்னார். இவ்வளவு சிறிய தொகைக்கு விசாரணை நடத்த அவர்கள் விரும்பவில்லை!

ஸ்டால் சோர்ந்துவிடவில்லை. எந்த நேரத்தில் திருடன் நுழைந்தாலும் சத்தம் போடும் சிறு கருவி ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டார். நள்ளிரவில் அது கூவும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடுவார்.

சில சமயம் திருடன் முக்கியமான பைலில் கை வைத்துவிடுவான். கம்பியை அறுத்தால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஸ்டால் என்ன செய்வார் தெரியுமா? தம்முடைய சாவிக் கொத்தைக் கம்பி முனைகளில் உரசுவார்! டெலிபோனில் இரைச்சல் வந்து எழுத்துக்கள் குழம்பும். "லைன் சரியில்லை" என்று திருடன் அலுத்துக்கொண்டு விட்டுவிடுவான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டே தேடினார்கள். முதலில் அது அமெரிக்காவின் மறுகோடியில் உள்ள வர்ஜீனியா மாகாணத்துக்குப் போயிற்று. அங்கே ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரையும் அவன் திண்ணையாக வைத்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து கடல் கடந்து, அன்றைய மேற்கு ஜெர்மனிக்குப் போயிற்று. கடைசியில் ஹனோவர் நகரத்தில் போய் நின்றது.

ஆனால் வீடு எது? அதுதான் தெரியவில்லை. ஹனோவரில் டெலிபோன் இணைப்புகள் பழைய முறையில் இருந்தன. ஆள் போய், கம்பி கம்பியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருடனோ சில நிமிடங்களில் போய்விடுவான்!

தூண்டில்

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் ஒரு பெண். ஸ்டாலின் காதலி மார்த்தா. அவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார்.

"அவன் தேடுவதை நாமே கொடுத்துவிடலாமே!" என்பதுதான் அவருடைய யோசனை.

அமெரிக்கா அப்போது, வானத்திலேயே ஏவுகணைகளைத் தடுத்து அழிக்கும் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தீட்டியிருந்தது. 'நட்சத்திர யுத்தம்' என்று அதற்குப் பட்டப்பெயர். அந்தத் திட்டத்தின் ரகசியக் கடிதங்களைப் போலப் பொய்க் கடிதங்களை எழுதினார்கள். இல்லாத ஓர் ஆபீசையும் இல்லாத ஒரு பெண் காரியதரிசியையும் படைத்தார்கள். எல்லாவற்றையும் திருடன் கண்ணில் படும்படி கம்ப்யூட்டரில் வைத்தார்கள்.

1987-ம் ஆண்டு ஜனவரி. மீன் தூண்டிலைக் கவ்வியது! திருடன் அந்தக் கடிதங்களை விழுந்து விழுந்து படித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை. ஹனோவரில் டெலிபோன் ஊழியர்கள் கம்பியைத் தொடர்ந்து சென்று வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மற்றோர் அதிசயமும் நடந்தது. சில மாதம் கழித்து, அந்தப் பொய்க் காரியதரிசியின் பெயருக்கு ஒரு நிஜக் கடிதம் வந்தது! அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஒருவர், அந்த இரகசியப் பைல்களை அனுப்பும்படி கேட்டிருந்தார். திருடனைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர் அது. திருடன் தனி ஆள் அல்ல, அவனுக்குப் பின்னால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அதோடு உறுதியாயிற்று.

ஏன் செய்தார்கள்?

திருடன் பெயர் மார்கஸ் ஹெஸ். கம்ப்யூட்டர் வேலையில் கெட்டிக்கார வாலிபன்.

ஹனோவரில் இவனைப் போன்ற வாலிபர்கள் சிலர் ஒன்று சேர்ந்திருந்தார்கள். முதலில் அவர்களுக்குக் காசு ஆசை கிடையாது. பூட்டிய கதவைத் திறந்து பார்ப்பதில் ஓர் ஆனந்தம். "நான் அந்தக் கம்ப்யூட்டரில் புகுந்துவிட்டேன்" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. அவ்வளவுதான்!

பிறகு பணத் தேவை வந்தது. சிலருக்குக் கடன்; சிலருக்குப் போதைப் பழக்கம். இந்த நேரத்தில், சூதாட்ட விடுதியில் வேலை பார்த்த ஒருவன் கூட்டத்தில் சேர்ந்தான். "நீங்கள் சும்மா பார்க்கும் சரக்கை ரஷியர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள்" என்ற எண்ணம் பிறந்தது. அவன் கிழக்கு பெர்லினுக்குப் போய் ரஷிய அதிகாரிகளைப் பார்த்தான். வியாபாரம் தொடங்கியது. சரக்கை வாங்கியது கே.ஜி.பி. என்ற ரஷிய உளவு ஸ்தாபனம்!

பாருங்கள். கதவைத் திறந்தது விளையாட்டு ஆசை. உள்ளே இருந்ததை விற்றது பண ஆசை. வாங்கியது ஒரு வல்லரசு. மூன்றுக்கும் ஒரே கதவு!

இந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபன் இருந்தான். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வந்த சொத்தில் கம்ப்யூட்டர் வாங்கினான். இரவு பகலாக அதன் முன்னே உட்கார்ந்தான். போதைக்கு அடிமையாகி மனம் குழம்பினான். 1988-ம் ஆண்டில் தானாகவே அதிகாரிகளிடம் போய் உண்மையைச் சொன்னான். அடுத்த வருடம், ஒரு காட்டில் அவன் பிணம் கருகிக் கிடந்தது. தற்கொலை என்று போலீசார் முடிவு செய்தார்கள். வயது 23!

1990-ம் ஆண்டில் ஹெஸ் உள்பட 3 பேர் உளவுக் குற்றவாளிகள் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனையை நிறுத்தி வைத்தது. அவர்கள் விற்ற சரக்கால் பெரிய ஆபத்து ஏற்படவில்லை என்று கோர்ட்டு கருதியது. மேஜைக்கு அடியில் தூங்கிய ஸ்டால், 'குயில் முட்டை' என்ற பெயரில் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார். 1989-ல் அது வெளிவந்தது.

அப்பா காவல்காரர், மகன்?

ஸ்டால் துப்பு துலக்கிய நாட்களில், அமெரிக்க சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் ஒருவரைச் சந்தித்து எல்லாவற்றையும் விளக்கினார். அந்த நிபுணரின் பெயர் ராபர்ட் மாரிஸ்.

1988-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி இரவு, அமெரிக்காவில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக முடங்கத் தொடங்கின. சுமார் 6 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் நின்றுவிட்டதாக மதிப்பிட்டார்கள். அப்போது நெட்வொர்க்கில் இருந்ததில் அது பத்தில் ஒரு பங்கு! யாரோ ஒருவன் 'புழு' ஒன்றை விட்டிருந்தான். அது தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மறு கம்ப்யூட்டருக்கு ஊர்ந்தது.

அதை விட்டவன் யார்? அந்தப் பாதுகாப்பு நிபுணரின் சொந்த மகன்! கல்லூரி மாணவன். அவன் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான். வயது 22.

அவனுக்குக் காசு வேண்டாம், உளவும் வேண்டாம். எத்தனை கம்ப்யூட்டருக்குப் போகும் என்று பார்க்க ஆசை! புழு ஒரு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தால், மறுபடியும் நுழையாமல் இருக்க ஏற்பாடு செய்திருந்தான். ஆனால், யாராவது அதை ஏமாற்றித் தடுத்துவிடுவார்களோ என்று பயந்து, 7 தடவைக்கு ஒரு தடவை எப்படியும் நுழையும்படி எழுதினான். அந்த ஓர் எண்ணிக்கைதான் வினையாயிற்று. ஒரே கம்ப்யூட்டரில் புழுக்கள் குவிந்து, மூச்சு முட்டி அது நின்றது.

பயந்துபோன மாணவன், புழுவை நிறுத்தும் வழியை நண்பன் மூலம் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னான். நெட்வொர்க் அடைபட்டுக் கிடந்ததால் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை! 1990-ல் கோர்ட்டு அவனுக்கு 3 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் பெரிய கல்வி நிலையம் ஒன்றில் கம்ப்யூட்டர் பேராசிரியர் ஆனார். தப்பிய பிள்ளை!

ஓர் எழுத்து காப்பாற்றியது

இவை பழைய கதைகள். பிறகு விளையாட்டுக்காரர்களைவிடக் கொள்ளைக்காரர்கள் அதிகமாக வந்துவிட்டார்கள்.

2015-ம் ஆண்டு தொடக்கத்தில், வங்காளதேசத்தின் மத்திய பாங்கியில் சில ஊழியர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் தபால் வந்தது. வேலை கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார்கள். அதற்குள் இருந்தது குயில் முட்டை!

கொள்ளைக்காரர்கள் அவசரப்படவில்லை. ஒரு வருடம் ஓசைப்படாமல் உள்ளே இருந்தார்கள். 2016-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந்தேதி, வியாழக்கிழமை இரவு வேலையைத் தொடங்கினார்கள். மறுநாள் வெள்ளி; அந்த நாட்டில் வார விடுமுறை. அமெரிக்காவில் வங்காளதேசம் போட்டு வைத்திருந்த பணத்திலிருந்து 95 கோடி டாலரை அனுப்பும்படி 35 உத்தரவுகள் போயின! பாங்கியில் இந்த உத்தரவுகளை அச்சடித்துக் காட்ட வேண்டிய இயந்திரத்தையும் வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டார்கள். "இயந்திரம் பழுது" என்றே ஊழியர்கள் முதலில் நினைத்தார்கள்.

பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கில் தடைபட்டன. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய், பெரும் பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது.

இலங்கைக்கு 2 கோடி டாலர் அனுப்பப்பட்டது. ஓர் அறக்கட்டளை பெயரில் உத்தரவு இருந்தது. 'பவுண்டேஷன்' என்று இருக்க வேண்டிய ஆங்கிலச் சொல்லை 'பண்டேஷன்' என்று படிக்கும்படி தவறாக எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்த ஒரு பாங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. பணம் நின்றது! எழுத்துப் பிழை 2 கோடி டாலரைக் காப்பாற்றியது!

கொள்ளையர் யார்? வடகொரியா நாட்டுக்காக வேலை செய்த ஒருவர் மீது அமெரிக்கா 2018-ல் குற்றம் சாட்டியது. வடகொரியா அதை மறுத்தது.

நம் வீட்டுக் கதவு

ஸ்டாலின் ஆராய்ச்சிக்கூடத்தில் திருடனுக்கு வேண்டிய ரகசியம் எதுவுமே இல்லை. ஆனாலும் புகுந்தான். திண்ணை வேண்டும் என்று புகுந்தான்! "என்னிடம் என்ன இருக்கிறது, என் டெலிபோனில் யார் புகப் போகிறார்கள்?" என்று நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

ரகசியச் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். பாங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். தெரியாத ஆள் அனுப்பியதைத் திறக்காதீர்கள். கணக்கில் சிறு தொகை குறைந்தாலும், ஏன் என்று கேளுங்கள். பணம் பறிபோய்விட்டால், தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நம் நாட்டில் அதற்கென்றே ஏற்பட்ட எண் அது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கெட்டிக்காரப் பையன் இரவெல்லாம் கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்திருக்கிறானா? திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "என்னப்பா செய்கிறாய்?" என்று கேளுங்கள். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் கைவைத்தால், நம் நாட்டுச் சட்டப்படி 3 வருடம் வரை ஜெயில் உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

காட்டில் கருகிப்போன அந்த வாலிபனிடம் அப்படிக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.